காஞ்சிபுரத்துக் கதையைச் சொல்லாதீர்கள்

கொல்லிமலையிலிருந்து அரசு வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு இனிமேல் ஆளுக்கொரு வழிகாட்டி அலுவலர் உண்டாம். சேர்ந்த பிள்ளை பாதியில் விட்டுவிட்டு மலையேறிவிடாமல் பார்த்துக்கொள்வதற்கு இந்த ஏற்பாடு. செம்மேட்டில் அதற்கொரு கூட்டம் போட்டு, போன வருடம் ஓய்வுபெற்ற என்னையும் கூப்பிட்டார்கள். போனேன். டீ கொடுத்தார்கள், சால்வை போர்த்தினார்கள். எனக்கு யாராவது சால்வை போர்த்தினாலே சந்தேகம் வந்துவிடும். அடுத்து எதையோ கேட்கப் போகிறார்கள் என்று அர்த்தம்.

கேட்டார்கள். என் அனுபவத்தைக் கட்டுரையாக எழுதித் தர வேண்டுமாம். "நல்லதா நாலு விசயம் எழுதுங்க மேடம். புதுசா வாரவங்க படிச்சுட்டு பயந்துக்கக் கூடாது" என்று ஒரு தம்பி பக்குவமாகச் சொன்னார். நல்லதாக மட்டும் எழுதுவதற்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளட்டும். எனக்கு நடந்ததுதான் எழுத வரும்.

என் பெயர் ராசம்மாள். தேவனூர் நாட்டுக்காரி. எங்கள் சாதிச் சான்றில் மலையாளி என்று இருக்கும். கேரளத்துக்கும் எங்களுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. கொல்லிமலையில் சாமையும் மரவள்ளியும் மிளகும் விளைவிக்கிற பழங்குடிகள் நாங்கள். விடுதியில் தங்கிப் படித்தது, டைப்ரைட்டிங் பழகியது, தேர்வு எழுதியது, செம்மேட்டில் எங்கள் துறையின் சின்ன அலுவலகத்தில் தட்டச்சராகச் சேர்ந்தது, இதையெல்லாம் விரித்துச் சொன்னால் கேட்பவருக்குக் கொட்டாவி வரும். பதவி உயர்வில் கீழே மாவட்ட அலுவலகத்துக்குப் போய், ஊழியர்களின் நியமனம், விடுப்பு, மாறுதல் எல்லாவற்றையும் பார்க்கிற பிரிவுக்குக் கண்காணிப்பாளராகக் கடைசிவரை இருந்தேன். மலையிலிருந்து எங்கள் துறைக்கு வந்த எல்லாருடைய காகிதமும் என் மேஜையைத் தாண்டித்தான் போகும்.

நான் சந்தேகப் பிராணி என்று அலுவலகத்தில் பெயர். இருக்கட்டும். சந்தேகத்தை எனக்குக் கற்றுக் கொடுத்ததே அரசாங்கம்தான். பழங்குடி ஒதுக்கீட்டில் வேலைக்குச் சேர்ந்தால், நியமன ஆணையிலேயே தற்காலிகம் என்று போட்டிருப்பார்கள். சான்று உண்மையானதுதான் என்று ஒரு குழு நேரில் விசாரித்து எழுதிய பிறகுதான் வேலை நிரந்தரம். அந்தக் குழு ஊருக்கே வரும். உங்கள் சாமி எது, கல்யாணம் எப்படி, செத்தால் புதைப்பீர்களா எரிப்பீர்களா, யார் யாருக்குப் பெண் கொடுப்பீர்கள் என்று கேட்கும். பழைய புத்தகங்களில் எங்களைப் பற்றி எழுதியிருப்பதோடு பதில் ஒத்துப்போனால் நாங்கள் நாங்கள்தான். ஒத்துப்போகாவிட்டால் நாங்கள் வேறு யாரோ.

என்னை விசாரிக்க வந்தவர் என் அம்மாவை வாசலில் நிற்க வைத்து, "நீங்க எலி தின்பீங்களா?" என்று கேட்டார். அம்மாவுக்கு அது விசாரணை என்று புரியவில்லை. வந்தவர் பசியோடு இருக்கிறார், சாப்பாட்டைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். "இன்னிக்கு ஊட்ல கீரதானுங்க சாமி இருக்குது" என்றாள். அவர் அதையும் எழுதிக்கொண்டார். எனக்கு அன்றைக்கு வந்த ஆத்திரம் இன்னும் முழுசாகத் தணியவில்லை.

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். போலிச் சான்றில் எங்கள் இடத்தைப் பிடித்தவர்கள் உண்டு. சில சான்றுகளைப் பார்த்ததும் எனக்கே மூக்கில் வேர்க்கும். அவர்களைப் பிடிக்க விசாரணை வேண்டும்தான். ஆனால் போலிக்காரன் விசாரணைக்குத் தயாராக இருப்பான். புத்தகத்தில் என்ன இருக்கிறதோ அதை மனப்பாடமாக ஒப்பிப்பான். மலைக்காரன்தான் மாட்டிக்கொள்வான்.

பெருமாள் அப்படித்தான் மாட்டினான். எங்கள் அலுவலகத்தில் உதவியாளராக இருந்தவன். அவன் ஊரில் விசாரணைக்குப் போனவர்கள், "உங்க முன்னோர் எங்கிருந்து வந்தாங்க?" என்று கேட்டிருக்கிறார்கள். கொல்லிமலையில் யாரிடம் கேட்டாலும் இதற்கு ஒரே பதில்தான். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பிகள் புறப்பட்டு வந்தார்கள், மலைக்கு ஒருவராகப் பிரிந்து தங்கினார்கள், அவர்கள் வழி வந்த கவுண்டர்கள் நாங்கள். எங்களுக்கு அது பெருமை. பெருமாளின் பெரியப்பா மீசையைத் தடவிக்கொண்டே சொல்லியிருக்கிறார். அறிக்கையில் அது எப்படி ஆயிற்று தெரியுமா? தாங்கள் சமவெளியிலிருந்து குடியேறியவர்கள் என்று குடும்பத்தாரே ஒப்புக்கொண்டனர். அவ்வளவுதான், மேல்விசாரணை. அது முடிகிற மாதிரி இல்லை. கூடச் சேர்ந்தவர்களெல்லாம் நிரந்தரமாகி மேலே போக, இவன் மட்டும் தற்காலிகமாகவே கிடந்தான். டீக்குப் போனால்கூட, "ஒரிஜினலா டூப்ளிகேட்டா?" என்று கேலி. ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய் ஜீப் ஓட்டப் போய்விட்டான்.

மலைப்பிள்ளைகள் வேலையில் தங்குவதில்லை, சீதோஷ்ணம் ஒத்துக்கொள்வதில்லை என்று மேலே எழுதி அனுப்பினார்கள். சீதோஷ்ணமாம்.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். மலைப்பிள்ளை யார் சேர்ந்தாலும் அவர்கள் ஊருக்குப் போவேன். வீட்டாரை உட்கார வைத்து, கேட்கிற எல்லாவற்றுக்கும் உள்ளதைச் சொல்லுங்கள், காஞ்சிபுரத்துக் கதையை மட்டும் சொல்லாதீர்கள் என்பேன். பொய் சொல்லச் சொன்னதில்லை. வாயைத் திறக்காதீர்கள் என்றுதான் சொன்னேன். அதுவும் தப்பு என்று சொல்ல வருகிறவர்கள் முதலில் பெருமாளைப் பார்த்துவிட்டு வரட்டும்.

பூங்கொடி இளநிலை உதவியாளராக எங்கள் பிரிவுக்கு வந்தபோது அவளுக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. அலுவலகத்தில் என்னை மேடம் என்பாள், பஸ்ஸில் மலையேறும்போது அத்தை என்பாள். வேலையில் கெட்டி. ஆனால் அவளுக்கும் பேச்சு விழ ஆரம்பித்தது. மலைக்காரி மாதிரியே இல்லையே, இத்தனை சிவப்பா இருக்கிறாளே என்று ஒருத்தி. இங்கிலீஷில் குறிப்பு எழுதுகிறாளே என்று இன்னொருத்தர். கூடச் சேர்ந்தவர்கள் நிரந்தரமாகிவிட்டார்கள். அவளுடைய விசாரணை மட்டும் வருகிற வழியாகக் காணோம்.

ஒருநாள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் வைத்துக்கொண்டு, "நான் போயிர்றேன் மேடம். தெனமும் இவங்க என்னய உத்துப் பாக்கறது தாங்க முடியல" என்றாள்.

"போனா என்னாகும் தெரியுமா? போலிச் சான்று, அதான் பயந்து ஓடிட்டாங்கன்னு சொல்லுவாங்க. கேஸ் வரும். உனக்கப்புறம் உங்க ஊர்லருந்து வாரவளுக்கும் சேத்துத்தான் அது" என்றேன். கடுமையாகத்தான் சொன்னேன். அவள் டப்பாவைத் திறந்து சாப்பிட்டாள்.

விசாரணைக்கு நாள் குறித்து வந்ததும், எனக்குத் திக்கென்றது. ஏனென்றால் அவள் அப்பா சடையன் சாதாரண ஆள் இல்லை. அவர்கள் பக்கம் எந்தக் கல்யாணம் நடந்தாலும், இரண்டு வீட்டாரும் எதிரெதிரே உட்கார்ந்ததும் காஞ்சிபுரத்தில் தொடங்கி இந்த மணவறை வரைக்கும் முழுக்கதையையும் சொல்கிறவர் அவர்தான். அவர் சொல்லி முடிக்காமல் பந்தி போட மாட்டார்கள். அவரிடம் போய் அதைச் சொல்லாதே என்பது சமையல்காரனிடம் உப்பைத் தொடாதே என்பது மாதிரி.

ஆனாலும் போனேன். மிளகுக்கொடிக்குக் கீழே களை வெட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ யாருக்கு வேல செய்யற அம்முணி?"

"உங்க புள்ளைக்காகத்தான் வந்திருக்கறனுங்கண்ணா."

"அதயேதான் சர்வேக்கு வந்தவனும் சொன்னான். உங்களுக்காகத்தான்னு சொல்லிட்டு எழுதிட்டுப் போனான். அப்பறம் பாத்தா மேலக்காட்டுல எங்க வழியவே அடச்சுட்டாங்க. இப்ப நீ வந்து, எங்கருந்து வந்தோம்னு சொல்லாதேங்கற. நாங்க எங்கருந்தும் வரலீன்னு எழுதிக்கிட்டுப் போயி, நாளைக்கி உங்களுக்கு வேரே இல்ல, காட்ட உட்டு எறங்குன்னு சொல்லறதுக்கா?"

எனக்குச் சுருக்கென்று பட்டது. மலையில் பிறந்தவள்தான் நான். ஆனால் என் கையில் அலுவலகப் பை இருந்தது, காலில் கீழேயிருந்து வாங்கிய செருப்பு இருந்தது. அவர் இடத்தில் நான் இருந்தாலும் என்னை நம்பியிருக்க மாட்டேன். பெருமாளுக்கு நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "பாக்கலாம்" என்றார். மலையில் பாக்கலாம் என்றால் சரி என்றும் அர்த்தம், போய் வா என்றும் அர்த்தம்.

விசாரணைக்கு வந்தவர் தேவசகாயம் என்ற அதிகாரி. தெற்குச் சீமைக்காரர். பதவியில் எனக்கு நாலைந்து படி மேலே. நான் பார்த்த அதிகாரிகளிலேயே எனக்கு விளங்காதவர் அவர்தான். ஜீப்பைப் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே நிறுத்திவிட்டு ஊருக்குள் நடந்து வந்தார். வீட்டுக்குள் வரவில்லை. மடக்கு நாற்காலி ஒன்றை உதவியாளர் தூக்கி வந்து வாசலில் போட்டார். பூங்கொடியின் அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்ததற்கு, "வேண்டாம்மா, தப்பா நினைக்காதீங்க" என்று கும்பிட்டு மறுத்துவிட்டு, தன் பாட்டிலையும் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். அப்புறம் என்னிடம் மெதுவாகச் சொன்னார், "குடிச்சா சாதகமா எழுதிட்டேன்பாங்க. குடிக்கலைன்னா சாதி பார்த்தேன்பாங்க. எதைச் செஞ்சாலும் மனு வரும்."

எல்லாரையும் நீங்க என்றுதான் பேசினார். குரலை உயர்த்தவே இல்லை. ஒரே கேள்வியைச் சுற்றி வளைத்து மூன்று விதமாகக் கேட்டார். யாராவது பேசும்போது எழுத மாட்டார். அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அவர்கள் நிறுத்திய பிறகுதான் பேனா மூடியைக் கழற்றுவார். கத்துகிற அதிகாரியைச் சமாளித்துவிடலாம். இப்படிப்பட்டவர் வரும்போதே முடிவு செய்துகொண்டு வந்துவிட்டாரோ என்று எனக்குச் சந்தேகம்.

எங்கள் அலுவலகத்தின் சார்பாக நான் சுவரோரமாக நின்றிருந்தேன். வாயைத் திறக்க அனுமதி இல்லை. பூங்கொடி கதவுக்குப் பின்னால் நின்றாள்.

உங்கள் சாமி எது என்று கேட்டார். சடையன் சொன்னார். பங்காளி யார், மாமன் மச்சான் யார் என்று கேட்டார். சடையன் ஊர் ஊராகச் சொன்னார். பெண்ணுக்குப் பரியம் கொடுப்பது, தாலி கட்டுவது, இழவு விழுந்தால் யார் குழி வெட்டுவது, எல்லாம் சரளமாக வந்தது. அதிகாரி தலையாட்டிக்கொண்டார். அப்புறம் பேனாவை மூடி மடியில் வைத்துவிட்டு, பேச்சுவாக்கில் கேட்கிற மாதிரி கேட்டார்.

"உங்க முன்னோர் எல்லாம் எங்கிருந்து வந்தவங்க?"

சடையன் நிமிர்ந்து உட்கார்ந்தார். கல்யாணத்தில் கதை தொடங்குமுன் அப்படித்தான் உட்காருவார். ஊர்க்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் சுற்றி நின்றவர்கள், வழக்கம்போல அவர் வாயைப் பார்த்தார்கள். அவர் கதவுப் பக்கம் திரும்பி மகளைப் பார்த்தார்.

"எங்கருந்தும் வரலீங்க" என்றார். "இங்கயேதானுங்க இருக்கறோம்."

கூட்டத்தில் நின்ற ஒரு பெரியவர் எதையோ சொல்ல வாயெடுத்தார். சடையன் அவரை ஒரு பார்வை பார்த்தார். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அப்பால் போய்விட்டார்.

அதிகாரி எழுந்து என்னைப் பலாமரத்தடிக்குக் கூப்பிட்டார்.

"இந்த மலையில நான் போன ஒவ்வொரு ஊர்லயும் காஞ்சிபுரம்னு சொல்லியிருக்காங்க. இங்க மட்டும் இல்லை. கூட்டத்துல ஒருத்தர் பேச வந்தார், இவர் தடுத்துட்டார். சொல்லிக் குடுத்தது நீங்களா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவருடைய சந்தேகம் முழுக்க அந்த வீட்டின் மேல் விழும். சொல்லிக் கொடுக்காமலே சொந்தக் கதை தெரியாதவர்கள் என்றால் வெளியாட்கள் என்றுதானே அர்த்தம்?

"நான்தான் சார். ஊர்க் கல்யாணத்துல அந்தக் கதையைச் சொல்றவரே அவர்தான்" என்றேன். சொன்னதும் பயம் போய்க் கோபம் வந்துவிட்டது. "பெருமாள்னு ஒரு பையன் இருந்தான். அவங்க பெரியப்பா இந்தக் கதையைச் சொன்னதுக்கு, கீழ்நாட்டுக்காரங்கன்னு எழுதி அவன் வேலையையே தின்னாச்சு. சொன்னா வந்தேறி. சொல்லலைன்னா போலி. எதைச் சார் சொல்லணும்? நீங்களே எழுதிக் குடுங்க, அதையே சொல்லச் சொல்றேன். உங்க ஊர்ல உங்களை யாராவது இப்படி உக்கார வச்சு, உங்க பாட்டன் எங்கிருந்து வந்தான்னு கேட்டுட்டுத்தான் வேலை குடுத்தாங்களா?"

மேலதிகாரியிடம் நான் அப்படிப் பேசியது அந்த ஒரு தடவைதான். விசாரணையில் குறுக்கிட்டதாக மெமோ கொடுத்தால் என் வேலைக்கே உலை. அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனார்.

அங்கே அவர் செய்தது எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. கோப்பு, பேனா எல்லாவற்றையும் உதவியாளர் கையில் கொடுத்து, ஜீப்பில் போய் உட்காரச் சொன்னார். உதவியாளர் கண்ணுக்கு மறைகிறவரைக்கும் காத்திருந்தார். நாற்காலியை விட்டுவிட்டுச் சடையனுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"இப்ப விசாரணை முடிஞ்சுது. நான் எதையும் எழுதப் போறதில்லை. நீங்க கல்யாணத்துல கதை சொல்லுவீங்களாமே. எனக்குச் சொல்லுங்க, கேட்டுட்டுப் போறேன்."

சடையன் அவருடைய காலி நாற்காலியைப் பார்த்தார்.

"எழுதறதுக்கு இல்லீன்னா அது உங்களுக்கு எதுக்குங்க?" என்றார்.

அதிகாரி எழுந்து கால்சட்டையின் மண்ணைத் தட்டிக்கொண்டு எல்லாருக்கும் கும்பிடு போட்டார். என் பக்கம் திரும்பாமலே நடந்துவிட்டார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் தபால்காரரைப் பார்த்தாலே எழுந்து நின்றுவிடுவேன். பூங்கொடிக்கு வேலைநீக்க ஆணை வருமா, எனக்கு மெமோ வருமா, இரண்டும் சேர்ந்தே வருமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். பூங்கொடி ஒன்றும் கேட்க மாட்டாள். காலையில் வந்ததும் என் முகத்தை ஒரு தடவை பார்ப்பாள். நான் இன்னும் வரவில்லை என்று தலையை ஆட்டினால் போய் உட்கார்ந்து வேலையைப் பார்ப்பாள்.

அறிக்கை வந்தது. சான்று உண்மையானது என்று இருந்தது. பூர்வீகம் பற்றிய இடத்தில் ஒரே வரி: தலைமுறை தலைமுறையாக இம்மலையிலேயே வசிப்பவர்கள். பூங்கொடி அதைப் படித்துவிட்டு என் மேஜை மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். சிவப்பாக இருக்கிறாளே என்று சொன்னவள்தான் முதலில் ஸ்வீட் கேட்டு வந்தாள்.

தேவசகாயம் சாருக்குப் போன் போட்டு நன்றி சொன்னேன். "உங்க பேரை எழுதலைம்மா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். ஏன் எழுதவில்லை? நல்ல மனுஷனா, மேலேயிருந்து கோப்புகளைச் சீக்கிரம் முடிக்கச் சொன்னார்களா, இல்லை பின்னால் என்னிடம் எதையாவது கேட்பதற்காக வைத்திருந்தாரா? ஓய்வுபெறுகிறவரை காத்திருந்தேன். எதுவும் கேட்கவில்லை. அப்படியும் எனக்கு முழுசாக நம்பிக்கை வரவில்லை.

புதிதாக வருகிற வழிகாட்டி அலுவலர்களுக்கு நான் சொல்வதற்கு ஒன்றுதான் இருக்கிறது. பிள்ளைகளுக்குத் தைரியம் சொல்கிறேன் பேர்வழி என்று தோளைத் தட்டாதீர்கள். அவர்களுடைய கோப்பு எங்கே நிற்கிறது என்று வாரம் ஒரு தடவை போய்ப் பாருங்கள். பெருமாளுக்கு அப்படி ஒருத்தர் இருந்திருந்தால் போதும்.

பூங்கொடி வேலையில் நிலைத்தாள். அவள் கல்யாணம் ஊரில்தான் நடந்தது. எங்கள் அலுவலகத்திலிருந்து வேன் பிடித்து எல்லாரும் போயிருந்தோம். இரண்டு வீட்டாரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். எல்லாரும் சடையனைப் பார்த்தார்கள். அவர் எங்கள் கூட்டத்தைப் பார்த்தார். எங்கள் ஆட்கள் பழங்குடிக் கல்யாணத்தைப் படம் பிடிக்கிற உற்சாகத்தில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். "சோறு ஆறுது, சாப்புடுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டார். மகள் கல்யாணத்தில் மனசு கலங்கிவிட்டார் என்று மற்றவர்கள் பேசிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு எந்தக் கல்யாணத்திலும் அவர் சொன்னதில்லை என்று அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. முழுசாகத் தெரிந்தவர் அந்தப் பக்கத்தில் வேறு யாரும் இல்லை.

ஓய்வுபெற்ற பிறகு போன மாதம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். பூங்கொடியும் விடுப்பில் மகளோடு வந்திருந்தாள். சடையனுக்கு இப்போது முட்டி வலி, காட்டுக்குப் போவதில்லை. பேத்தி அவர் பக்கத்தில் உட்கார்ந்து பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தாள். பூங்கொடிதான் பேச்சை எடுத்தாள்.

"அப்பா, எனக்குத்தான் எல்லாம் உறுதியாயி எத்தன வருசமாச்சு. காஞ்சிபுரத்துக் கதையப் பாப்பாவுக்குச் சொல்லுங்கப்பா. எனக்கே பாதி மறந்துருச்சு."

அவர் பேத்தியின் தலையைத் தடவினார்.

"இவளயும் படிக்க வச்சு வேலைக்கி அனுப்புவயா கண்ணு?"

"அனுப்பாம?"

"அப்ப இவளுக்கும் விசாரணைக்கி வருவாங்கல்ல?"

பூங்கொடி என்னைப் பார்த்தாள். வரமாட்டார்கள் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

"வருவாங்க" என்றேன்.

"அது முடியட்டும். அப்பறம் சொல்லறேன்" என்றார் சடையன்.

பாப்பா மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள்.